படியை விற்ற வருஷம்

புரட்டாசி பிறந்துவிட்டால் கொலு வைக்கிற வீட்டுப் பெண்களுக்குப் பரண் மேல்தான் கண். எந்தப் பெட்டியில் தசாவதாரம் இருக்கிறது, எதில் கல்யாண செட் இருக்கிறது, எலி கடிக்காமல் இருக்கிறதா, போன வருஷம் கை உடைந்த செட்டியார் பொம்மையை ஒட்டினோமா இல்லையா என்று ஒரே கவலையாக இருக்கும். எனக்கும் இருபத்துச் சொச்சம் வருஷமாக இதே கவலைதான். ஆனால் 2023-ம் வருஷம் மட்டும் நான் பரணை நிமிர்ந்து பார்க்கவே பயந்தேன். ஏனென்றால் பொம்மைகள் இருந்தன. அவற்றை வைக்கப் படி இல்லை. அந்தப் படியை விற்றவள் நான்தான்.

அது சாதாரணப் படி அல்ல. 1967-ல் என் மாமியார் கல்யாணமாகி மதுரைக்கு வந்தபோது, அவருடைய அப்பா கூடவே நின்று தேக்கில் செய்யச் சொல்லி சீதனமாக அனுப்பிய ஏழு படி. ஒரு ஆணி கிடையாது. எல்லாம் கொளுவி மாட்டுகிற வேலை. வருஷம் ஒரு முறை இறக்கித் துடைத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும்.

என் வீட்டுக்காரர் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தார். 2021-ல் ஆலையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு கடையில் கணக்கெழுதப் போனார். சம்பளம் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. மூத்தவள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். 2023 ஜூன் மாதம் பீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து அவர் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தார். என் கழுத்தில் தாலிச் செயினைத் தவிர மற்றதெல்லாம் ஏற்கெனவே வங்கியில் இருந்தது. பழைய மரச்சாமான் வாங்குகிறவர் தெருவில் வந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். பன்னிரண்டாயிரம் தருகிறேன் என்றார். கொடுத்துவிட்டேன். மறுநாள் பீஸ் கட்டியாகிவிட்டது.

அவர் ஊரிலிருந்து வந்து பின்கட்டில் படி இருந்த மூலையைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்களுக்குள் பேச்சு என்று ஒன்று இல்லை. "சாப்பாடு ஆச்சா", "கரண்ட் பில் வந்துச்சா", "சின்னவன் எங்கே" - இதுதான் பேச்சு. மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. அவரிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்த மறுநாள் மாமியார் ஆரம்பித்தார். "ஏம்மா, படிய இறக்கித் துடைச்சு வச்சாச்சா? மழை வந்துட்டா காயாது."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திண்ணையிலிருந்து அவர் குரல்தான் வந்தது. "வைக்கலாம்மா."

அன்று ராத்திரி பார்க்கிறேன், கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தச்சுவேலை கொஞ்சம் வரும். ஆலையில் இருந்த ஒரு வயதான ஆசாரியிடம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தகரப் பெட்டி ஒன்றில் ரம்பம், உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் வைத்திருந்தார். ஆலை மூடியதிலிருந்து அந்தப் பெட்டியைத் திறந்து நான் பார்க்கவில்லை.

தண்ணீர்ச் செம்பை வைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். ஐந்து படி. ஒவ்வொன்றும் தனித்தனி பெஞ்சு மாதிரி. 8, 16, 24, 32, 40 அங்குல உயரம். ஒன்றன் முன் ஒன்றாகப் போட்டால் படி. எல்லாம் நான்கடி நீளம்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் கணக்கில் எனக்கு நல்ல மார்க். என்னையறியாமல் வாய் வந்துவிட்டது. "ஒன்பது நாள் முடிஞ்சப்புறம் அஞ்சு பெஞ்சையும் எங்கங்க வைக்கிறது? நடமாட இடம் வேண்டாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமோ என்று நினைத்தேன். "நீயே சொல்லு, என்ன பண்ணலாம்?" என்றார்.

எனக்குச் சமையலறை அடுக்குப் பாத்திரம்தான் ஞாபகம் வந்தது. பெரிய பாத்திரத்துக்குள் சின்னது, அதற்குள் அதைவிடச் சின்னது. "உயரமான பெஞ்சு நாலடி இருக்கட்டும். அடுத்ததை ரெண்டு அங்குலம் குறைங்க. அதுக்கு அடுத்தது இன்னும் ரெண்டு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு தள்ளி வச்சிரலாமே."

பலகையின் கனம் முக்கால் அங்குலம். இரண்டு பக்கக் காலுக்கும் சேர்த்து ஒன்றரை அங்குலம் போகும். 48-ல் அதைக் கழித்தால் உள்ளே 46½ அங்குலம் இடம். 46 அங்குல பெஞ்சு தாராளமாக நுழையும். இப்படியே 44, 42, 40 என்று போட்டுப் பார்த்தோம். சரியாக வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே தாளைக் குனிந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

செய்து பார்க்க நினைக்கும் சகோதரிகளுக்காகக் கணக்கை விவரமாகவே சொல்கிறேன். எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட் ஒன்று போதும். முக்கால் அங்குலக் கனம் இருக்கட்டும். மெல்லிசாக வாங்கினால் பொம்மைக் கனத்துக்கு நடுவில் தொய்ந்துவிடும். கடையிலேயே நீளவாக்கில் 9 அங்குல அகலத்தில் ஐந்து பட்டைகளாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு பட்டையில் 48, 46 அங்குல மேல்பலகைகள் இரண்டும் வந்துவிடும். அடுத்ததில் 44, 42. இன்னொன்றில் 40. மிச்சமிருக்கும் இடத்தில் கால்கள் பத்தும் வெட்டிக்கொள்ளலாம். வெட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தாளில் எழுதி, எந்தப் பட்டையில் எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். துணி வெட்டுகிற மாதிரிதான். இஷ்டத்துக்கு வெட்டினால் கடைசியில் கை தைக்கத் துணி இருக்காது.

ஐந்து பட்டை போக ஓரத்தில் இரண்டே கால் அங்குலத்தில் ஒரு ரீப்பர் மிஞ்சும். அதைக் கடையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதன் உபயோகத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பலகைக்குப் பணம்? நான் தெருச்சீட்டில் கட்டிவந்தது அந்த மாதம் எனக்கு விழுந்திருந்தது. அதிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள அவர் தயங்கினார். "கொலு என்னுதுந்தானே" என்றேன்.

கடை வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு வந்து, மொட்டைமாடியில் பல்பு போட்டுக்கொண்டு வேலை செய்வார். சின்னவன் பலகையைப் பிடித்துக்கொள்வான். முதல் பெஞ்சுக்குக் காலை எட்டு அங்குலமாக வெட்டிவிட்டார். மேல்பலகையின் முக்கால் அங்குலத்தை மறந்துவிட்டார். நல்ல வேளை, கூடுதலாக இருந்ததால் அறுத்துக் குறைத்தாயிற்று. குறைவாக வெட்டியிருந்தால் பலகையே நஷ்டம். இந்தத் தவறு எல்லாருக்கும் வரும். ஆகவே காலின் அளவு எப்போதும் படியின் உயரத்தில் முக்கால் அங்குலம் குறைவு என்று பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிளைவுட்டின் ஓரத்தில் திருகாணியை நேரே முடுக்கினால் பிளந்துகொள்ளும். முதலில் மெல்லிய துளை போட்டு, பசை தடவி, அப்புறம்தான் முடுக்க வேண்டும். பலகைகளை மாடியில் விட்டுவிட்டு இறங்கிய ஒருநாள் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே சாயந்திர மழை ஆரம்பித்துவிடுவதும் உண்டு. தட்டுத்தடுமாறி ஓடி இருவரும் பலகைகளை இறக்கினோம். நனைந்ததை வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும் என்று கூடத்தில் காற்றாடிக்குக் கீழே படுக்க வைத்து உலர்த்தினார். அன்று நாங்கள் நால்வரும் சமையலறையில் படுத்தோம்.

அவர் படி செய்ய, நான் பொம்மைகளைப் பார்த்தேன். மண் பொம்மையைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, வர்ணம் எழும்பிவிடும். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். உடைந்த இடத்துக்குக் காகிதக்கூழ் நல்லது. பழைய செய்தித்தாளைச் சின்னதாகக் கிழித்து இரண்டு நாள் ஊறப்போட்டுப் பிழிந்து, ஊறிய வெந்தயம் ஒரு பிடி சேர்த்து நைசாக அரைக்க வேண்டும். எங்கள் பாட்டி காலத்தில் முறத்துக்கு மெழுகுவார்களே, அதே கூழ்தான். அச்சு மை இருப்பதால் சமையலுக்கு வைத்திருக்கும் மிக்ஸியில் அரைக்காதீர்கள். நான் கொல்லையில் கிடக்கும் பழைய அம்மியில் அரைத்தேன். மெல்லிய கம்பியை எலும்பு மாதிரி வைத்து, அதன் மேல் கூழை அப்பி நிழலில் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து வர்ணம் தீட்டினேன். செட்டியாருக்குக் கை வந்துவிட்டது. முன்னைவிடக் கொஞ்சம் குண்டான கை. அவர் பார்த்துவிட்டு, "வியாபாரம் நல்லா நடக்குது போல" என்றார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

உயரமான பெஞ்சை நிறுத்தியபோதுதான் கஷ்டம் தெரிந்தது. நாற்பது அங்குல உயரம், ஒன்பது அங்குல அகலம். தொட்டால் பக்கவாட்டில் ஆடியது. அவர் முகம் விழுந்துவிட்டது. கையிலிருந்த கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். "எனக்கு எதுதான் ஒழுங்கா வருது?" என்றார்.

பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நான் உப்புத்தாளை வைத்துக்கொண்டு பலகை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இதைவிட்டால் வேறு சமயம் வராது என்று தோன்றியது. "படிய வித்தது தப்புதாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "வித்தது தப்பில்ல. பிள்ளை படிப்பைவிடப் படி பெரிசா? கேட்டிருந்தா நானே வண்டி பிடிச்சு ஏத்தி விட்டிருப்பேன். ரெண்டு நாள்ல நான் வந்துருவேன்னு உனக்குத் தெரியும். ஒரு போன் போடலாம். போடலையே. வேலை போனவன்கிட்ட கேட்க என்ன இருக்குன்னு நெனச்சிட்டே."

'அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆலை மூடிய பிறகு மளிகைக் கணக்கு, பால் கணக்கு, பிள்ளைகள் பீஸ் எல்லாவற்றையும் நானே பார்க்க ஆரம்பித்தேன். அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். போகப்போக அவரைக் கேட்பதே விட்டுப்போயிற்று. அவருக்குப் பாரம் வேண்டாமென்று நான் இறக்கி வைத்தது பாரத்தை மட்டுமல்ல என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"இனிமே கேட்கிறேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் எழுந்து வந்து ஆடுகிற பெஞ்சை மறுபடி ஆட்டிப் பார்த்தார். அப்போதுதான் அந்த மிஞ்சிய ரீப்பர் கண்ணில் பட்டது. உயரமான இரண்டு பெஞ்சுகளுக்கும் பின்பக்கம், மேல்பலகையை ஒட்டினாற்போல் குறுக்கே அடிக்க அது கச்சிதமாகப் போதுமாக இருந்தது. உள்ளே நுழையும் பெஞ்சு எட்டு அங்குலம் கீழே இருப்பதால் இடிக்கவும் இல்லை. மற்ற மூலைகளுக்கு இரும்பு எல்-ஆங்கிள் வைத்து முடுக்கினார். ஆட்டம் நின்றது. இருந்தாலும் தவழ்கிற, பிடித்து நிற்கிற குழந்தை இருக்கும் வீட்டில் மிக உயரமான பெஞ்சைச் சுவரில் ஒரு கொக்கி போட்டுக் கட்டிவிடுவது அவசியம்.

அக்டோபர் 14, மகாளய அமாவாசையன்று சாயந்திரம் படி போட்டாயிற்று. ஒரு குறை. அடுக்குக் கணக்கில் கீழ்ப்படிதான் எல்லாவற்றிலும் குட்டையாக வந்துவிட்டது. இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் உள்ளே போயிருந்தது. அங்கே கேழ்வரகும் கடுகும் தெளித்து முளைக்க வைத்த சின்னத் தொட்டிகளை வரிசையாக வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் பார்க் அழகாக இருக்கிறது என்றார்கள். குறையை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. குத்துவிளக்கை மட்டும் படித்துணியிலிருந்து நன்றாகத் தள்ளியே வைத்தேன்.

வெள்ளை வேஷ்டி விரித்து, கலசம் வைத்து, என் அம்மா எனக்குக் கொடுத்த மரப்பாச்சிகளுக்குச் சரிகைத் துணி கட்டி மேல்படியில் நிறுத்தினேன். விளாச்சேரியில் போய் இவரும் நானும் வாங்கி வந்த அந்த வருஷத்துப் புதுப் பொம்மை ஒன்று. எல்லாம் வைத்த பிறகு மாமியாரைக் கைபிடித்துக் கூட்டி வந்தேன். அவர் வழக்கம்போல் முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தார். கை வேஷ்டிக்கு அடியில் போய் ஓரத்தைத் தடவியது. அங்கேயே நின்றது.

"இது என் படி இல்லையே."

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இவர் முன்னால் வந்தார். நான் அவரைத் தடுத்து, "நான்தான் வித்துட்டேன் அத்தை, பாப்பா பீஸுக்கு" என்றேன்.

மாமியார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன விலைக்குப் போச்சு?"

"பன்னிரண்டாயிரம்."

"ஏமாந்துட்டியேம்மா! பர்மா தேக்கு. என்னைக் கேட்டிருந்தா இருபதுக்குக் குறையாம வாங்கிக் கொடுத்திருப்பேனே!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரையுமே நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமியார் மறுபடி எழுந்து போய்ப் பலகை ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "தம்பி, நல்லாத்தான் இழைச்சிருக்கே" என்றார். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலை நடந்த காலத்தில் ஆயுத பூஜையன்று அங்கே அமர்க்களமாக இருக்கும். மெஷினுக்கெல்லாம் மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்து, ஒவ்வொருவருக்கும் பொரி, கடலை, இனிப்பு கட்டிக் கொடுப்பார்கள். இவர் அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகள் கையில் கொடுப்பார். 2021-லும் 2022-லும் அந்த நாளில் இவர் காலையிலேயே வெளியே போய்விட்டு ராத்திரிதான் வந்தார். பூஜையில் பிள்ளைகளின் புத்தகங்கள் இருந்தன, என் அரிவாள்மணை இருந்தது. அவருடையது என்று வைக்க ஒன்றும் இல்லை.

2023-ல் அக்டோபர் 23, சரஸ்வதி பூஜை. நான் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் குளித்துவிட்டு அவரே தகரப் பெட்டியை எடுத்து வந்தார். ரம்பம், உளி, இழைப்புளி எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து, கீழ்ப்படிக்கு முன்னால் வாழையிலை போட்டு வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டார். பிறகு கடைத்தெருவுக்குப் போய்ப் பொரியும் கடலையும் வாங்கி, பழைய மாதிரியே தாளில் பொட்டலம் கட்டி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எனக்கும் ஒன்று. ஆலைப் பொட்டலத்தில் எனக்கென்று தனியாக ஒன்று வந்ததே கிடையாது.

மறுநாள் விஜயதசமி. எடுத்து வைத்த ஆயுதத்தை அன்று எடுத்து ஏதாவது செய்யத்தானே வேண்டும்? மிஞ்சிய துண்டுப் பலகையில் அவர் அம்மாவுக்குக் குளிக்கும்போது உட்கார ஒரு மணை செய்தார்.

கொலு முடிந்ததும் பொம்மைகளைப் பழைய மல்துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் போட்டுப் பெட்டியில் வைத்தேன். இப்படி வைத்தால் எனக்குப் பூச்சித் தொந்தரவு வந்ததில்லை. பெட்டியின் மேலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த வருஷம் தேட வேண்டாம். பெஞ்சுகளில் 16 அங்குலம் சின்னவன் தரையில் உட்கார்ந்து எழுதும் மேஜை ஆயிற்று. எட்டு அங்குலம் மாமியாருக்குக் கால் வைத்துக்கொள்ள. மற்ற மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்கட்டில், தேக்குப் படி இருந்த அதே மூலையில் நிற்கின்றன.

கொலுவுக்கு வந்த எதிர்வீட்டுக்காரர் மறுவருஷம் தனக்கும் ஒரு படி கேட்டார். இவர் செய்து கொடுத்தார். கூலியை என்னிடம் கொடுத்தார். நான் வாங்கி உடனே திருப்பி அவர் கையிலேயே வைத்து, "பால் கணக்கு எண்ணூறு, கேஸுக்கு இவ்வளவு, மிச்சத்தை என்ன பண்ணலாம், சொல்லுங்க" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "பென்சில எடு" என்றார்.